ஸ்விஃப்ட் கோடு சரி, டாலர் ஏன் குறைகிறது?

வெளிநாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகளில் முகவரியைக் கோர்வையாக அடித்து அனுப்பும் வழக்கம் 2026 நவம்பரோடு முடிகிறது. ஊரும் நாடும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும் என்கிறது ஸ்விஃப்ட். இந்தக் கெடுவை ஒட்டி வந்த கடிதங்கள் பெரும்பாலும் கேட்பது வேறு: ‘எங்கள் வேடசந்தூர் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு என்ன?’

அநேகமாக இருக்காது. ஐ.எஃப்.எஸ்.சி. கிளைக்குக் கிளை உண்டு. ஸ்விஃப்ட் கோடு எல்லாக் கிளைக்கும் கிடையாது. வங்கி எழுதித் தரும் கோடைக் கொடுங்கள். கணக்கு எண்ணை வைத்துப் பணம் உங்கள் கிளைக்கு வந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய இடம் அடுத்தது. ஸ்விஃப்ட் வழியே பணம் வருவதில்லை, பணம் பற்றிய செய்திதான் வருகிறது. பேகம்பூர் தோல் வியாபாரிக்கு இத்தாலியிலிருந்து டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால், இரண்டுக்கும் கணக்குள்ள நியூயார்க் வங்கி ஒன்று நடுவில் வரும். ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. ஒரு நோட்டுக்கூட கடல் தாண்டாமல் கடன் தீர்கிறது. அபாரமான ஏற்பாடுதான். ஆனால் நடு வங்கி தன் கூலியை வரும் தொகையிலேயே பிடித்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு வரும் பெரிய தொகையில் அது தெரியாது. மகன் அனுப்பும் 300 டாலரில் நன்றாகவே உறைக்கும்.

‘உள்வரும் பணத்துக்குக் கட்டணம் இல்லை’ என்று வங்கி சொன்னால், அது தன் கட்டணத்தை மட்டும் சொல்கிறது. நடு வங்கி பிடித்ததும், டாலரை ரூபாயாக்கும் விலையில் வைக்கும் வித்தியாசமும் அந்த வாக்கியத்தில் அடங்காது. அன்றைய சந்தை விலையோடு உங்களுக்குத் தந்த விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்புபவர் கட்டணக் கட்டத்தில் ஓ.யூ.ஆர். என்று குறித்தால் செலவு அவர் பொறுப்பு, எஸ்.எச்.ஏ. என்றால் நடுவில் பிடிப்பது உங்கள் தலையில்.

மற்றவை சுருக்கமாக.

நவம்பருக்குள் என்ன செய்ய? பாஸ்புக்கில் உள்ளபடி பெயர், ஊர், பின்கோடு எழுதி, நாட்டையும் சேர்த்து அனுப்புபவரிடம் கொடுங்கள்.

சிண்டிகேட் வங்கியின் பழைய கோடு? 2021 ஜூலை 1 முதல் செல்லாது. அது இணைந்த கனரா வங்கியின் கோடு வேண்டும்.

ஐபான் கேட்கிறார்களே? இந்தியாவில் அது இல்லை. கணக்கு எண்ணே போதும்.

குடும்பச் செலவுக்கு வரும் பணத்தின் காரணக் குறியீடு? பி-1301.

பணம் வந்து சேரவில்லையா? அனுப்பியவரிடம், அவர் வங்கியிலிருந்து யூ.இ.டி.ஆர். என்னும் எழுத்தும் எண்ணும் கலந்த 36 இடக் குறியீட்டை வாங்கச் சொல்லுங்கள். எந்த வங்கியில் தேங்கி நிற்கிறது, எவ்வளவு பிடித்தார்கள் என்று அதைக் காட்டிக் கேட்கலாம்.