திரிகூடத்து ஊர்கள் – 9: சன்னலைத் திறந்தால் அருவி

"சன்னலத் தொறந்தா அருவி, அண்ணாச்சி. கட்டில்ல படுத்துக்கிட்டே பாக்கலாம்."

தரகர் கைகாட்டிய திசையில் மலை இருந்தது. அருவி இல்லை. மே மாதக் கடைசி வாரம். குற்றாலத்துப் பேரருவி விழ வேண்டிய இடத்தில், சுவரில் தண்ணீர் வழிந்து காய்ந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடுதான் தெரிந்தது. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்ப இருக்காது சார். ஜூன் பொறக்கட்டும்."

நண்பர் சென்னைக்காரர். அடுத்த வருஷம் பணி ஓய்வு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு வீடு என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். உப்புக் காற்றில் சன்னல் கம்பி நாலே வருஷத்தில் பொரிந்து போகும் என்று யாரோ சொல்லப்போக, கடலுக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் திரும்பிவிட்டார். பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் தென்காசியில் இறங்கினார். ஒன்பது மணிக்கெல்லாம் இலஞ்சிப் பக்கத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். வரப்பு என்பது பழக்கத்தில் வருகிற வார்த்தை. போன பிசானத்தில் நெல் அறுத்த வயல்தான்; இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, செம்மண் கொட்டி ரோடு போட்டு, முகப்பில் வளைவும் வைத்துவிட்டார்கள். செம்மண்ணுக்கு இடையில் நெல் தாள் இன்னும் தலைநீட்டிக்கொண்டிருந்தது.

மனையின் மேற்குப் பக்கம் ஒரு ஓடை. தரகர் அதையும் சிறப்பம்சங்களில் சேர்த்துச் சொன்னார். எனக்கு 2024 மே 17 ஞாபகம் வந்தது. பழைய குற்றாலத்தில் அன்று திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஓடையை ஒட்டி வேண்டாம் என்று நண்பரின் காதில் மட்டும் சொன்னேன்.

இந்தப் பக்கத்தில் நிலத்துக்கு இருக்கிற விலை மண்ணுக்கு உள்ளது அல்ல, சாரலுக்கு உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்துச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டும். மற்ற இடங்களில் நமக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. ஆரியங்காவு, புளியரைப் பக்கம் மட்டும் மலைத்தொடர் கொஞ்சம் தலை தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் மேகம் இங்கே எட்டிப் பார்க்கிறது. அதுதான் சாரல். மழை என்று சொல்ல முடியாது, குடை பிடித்தால் சிரிப்பார்கள். பிடிக்காமல் நடந்தால் கால்மணி நேரத்தில் சட்டை உடம்போடு ஒட்டிவிடும். செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று சில மைல்தான் அதன் எல்லை. பாவூர்சத்திரம் தாண்டினால் காற்று மட்டும் வரும், ஈரம் வராது. மனை விளம்பரங்களில் அந்த எல்லை வருஷா வருஷம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 'குற்றாலம் அருகில்' என்ற பலகையை ஆலங்குளத்திலும் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன்.

காற்றையாவது நண்பருக்குக் காட்டலாமென்று தென்காசிக்குக் கூட்டிப்போனேன். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய காசி விசுவநாதர் கோயில். ராஜகோபுர வாசலில் நுழையும்போது மலைக்காற்று முகத்தில் அறைந்து நம்மைப் பின்னுக்குத் தள்ளும். சில அடி உள்ளே போனதும் அதே காற்று முதுகில் கைவைத்துச் சன்னிதிப் பக்கம் தள்ளும் என்பது ஊர்ப்பேச்சு. சீசனில் அந்த வாசலில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. மே மாதத்தில் அது பாதி பலம்தான். நண்பருக்கு அதுவே போதுமாக இருந்தது. "இந்தக் காத்துக்கே சென்டுக்கு எவ்வளவு வேணா குடுக்கலாம்" என்றார். பக்கத்தில் தரகர் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்தக் காற்றுக்கு ஆசைப்பட்டு இங்கே வீடு வைத்துக்கொண்டவர்களின் வரிசை நீளம். திருநெல்வேலியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்கள் ஜூன் பிறந்தால் இங்கே வந்துவிடுவார்கள். கம்பெனி காலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள். அன்று இங்கே நிலம் வைத்திருந்தவர்களில் காசாமேஜர் என்று ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர். தோட்டம் கைமாறிப் போயிற்று; பெயர் மட்டும் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே ஊராக நிற்கிறது, காசிமேஜர்புரம் என்று. காசியையும் மேஜரையும் சேர்த்து ராணுவக் கதை ஒன்று கட்டிச் சொல்கிறவர்கள்கூட உண்டு. சீசனில் ரோட்டோரக் கூடைகளில் மங்குஸ்தானைப் பார்க்கும்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். வீடு கட்டி ஆண்டு அனுபவித்த ஒருவர் ஊருக்கு விட்டுப்போனது தன் பெயரைத்தான்.

அப்புறம் ஜமீன்தார்கள். தெற்கத்தி ஜமீன்களில் வசதி உள்ளவர்கள் குற்றாலத்தில் ஒரு பங்களா வைத்துக்கொள்வது அந்தஸ்தாக இருந்தது. திருவிதாங்கூர் மன்னர்களுக்கு ஒரு அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறி, செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற அரண்மனை கேரளப் பொதுப்பணித் துறையின் கைக்குப் போனது. இன்றும் அவர்கள் வசம்தான். பழைய பங்களாக்களில் சீசனை முழுசாக அனுபவித்தவர் யார் என்று கேட்டால் நான் காவல்காரர்களைச் சொல்வேன். முதலாளி வருஷத்தில் பத்து நாள் இருப்பார், மீதி 355 நாளும் சன்னலைத் திறந்து அருவி பார்த்தது காவல்காரர் குடும்பம்தான்.

சாயங்காலம் நண்பரை மேலகரத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பாட்டுக்குப் பரிசாக நிலம் வாங்கினவர் அவர். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கத்தில் சாரலால் நிலம் கிடைத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பெரியம்மா வீடு சீமை ஓடு போட்ட பழைய வீடு. முன்னால் தார்சா, அதற்குள்ளே பட்டாசல், பின்னால் அடுப்படி, புறவாசலில் ஒரு பலா. நாங்கள் போனபோது ஆள் ஏணி வைத்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வைகாசியிலும் இது நடக்கும். குரங்கு உடைத்த ஓடுகளைத்தான் மாற்றியாக வேண்டும். பலாப்பழம் பழுக்கிற காலம் என்றால் குரங்குகள் கூரை மேல் ஊர்வலமே போகும்.

"தம்பி வீடு வாங்கப் போறீயளோ?" என்று பெரியம்மா கேட்டார். "வாங்குங்க, வாங்குங்க. உப்பு எங்க வைப்பிய?"

நண்பருக்குப் புரியவில்லை. பெரியம்மா அடுப்படிக்குள் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து காட்டினார். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு, தட்டில் வெள்ளையாகக் காய்ந்து படிந்த வளையம். ஆடியில் உப்பு தானே தண்ணீராகக் கசிந்து தட்டில் நிற்குமாம். தீப்பெட்டியை அடுப்போரம் வைக்காவிட்டால் குச்சி உரசாது. மிளகாய்ப் பொடி கட்டிதட்டும். அப்பளம் வாங்கின அன்றைக்கே பொரித்துவிட வேண்டும். மாம்பலகைக் கதவு ஊதிக்கொண்டு நிலைக்குள் போகாது, போனால் வராது. ஒருமுறை பெரியப்பா புறவாசல் அறைக்குள் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் கடப்பாரையோடு வந்து நெம்பித்தான் வெளியே எடுத்தான். துணியோ, தார்சாவில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி நாலு நாள் போட்டாலும் குளிர்ச்சி போகாது. இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு, மேலே பெரிய கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்துக் காயவைப்பார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் சட்டையில் புகை வாடை அடிக்கும். என் சட்டையிலும் அடித்திருக்கிறது. இன்றும் எங்காவது கரிப்புகை வந்தால் எனக்கு ஆடி மாதம்தான்.

"இதெல்லாம் சமாளிச்சிரலாம் தம்பி. விருந்தாடிதான்…" என்று நிறுத்தினார் பெரியம்மா.

குற்றாலத்தில் வீடு இருக்கிறவருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை உலகம் முழுக்கச் சொந்தம். மதுரையிலிருந்து ஒன்றுவிட்ட அத்தான், அவர் அலுவலக நண்பர், நண்பரின் மாமனார். 'சும்மா குளிச்சிட்டுப் போயிருதோம்' என்றுதான் வருவார்கள். குளித்துவிட்டு வந்தால் பசிக்கும். அருவிப் பசி வேறு மாதிரி, சாதாரணப் பசியோடு சேர்த்தி இல்லை. பெரியம்மாவின் தோசைக்கல் காலை ஆறு மணிக்கு ஏறினால் பதினோரு மணிக்கு இறங்கும். நடுவில் இரண்டு தடவை மாவு தீர்ந்து பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கிறார். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் இருப்பவர், ஆடி மாதத்தில் பேரருவியில் குளித்தது நாலைந்து தடவை இருக்கலாம் என்கிறார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும் வழக்கத்துக்கு நீதிமன்றம் தடை போட்டபோது ஊரில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். "பாயெல்லாம் எண்ணெ பிசுக்கு, எவ சொமக்கது?"

இப்படி விருந்தாடியை வரவேற்பதையே ஒரு வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டவர் ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், மேலவை உறுப்பினர், அறநிலைய வாரிய ஆணையர் என்று எல்லாம் இருந்துவிட்டுக் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார். நெல்லையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடிய கூட்டம் தமிழ் இலக்கியத்தில் பேர் பெற்றது. குற்றாலத்து வீட்டுக்கும் அந்தக் கூட்டம் பின்தொடர்ந்தது. ராஜாஜி வருவார், கல்கி வருவார். காலையில் அருவி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் கம்பன். வந்தவர்கள் எழுதி வைத்ததில் கம்பனுக்குச் சமமாகச் சாப்பாடும் இடம்பிடித்திருக்கிறது. ரசிகமணியின் கடிதங்களும் அச்சில் இருக்கின்றன. நண்பர்களை விடாமல் அழைக்கிற மனிதர் அவற்றில் தெரிவார். 1954-ல் அவர் காலமாகும்வரை அந்த வீடு இப்படியே ஓடியது. குற்றாலத்தில் சொந்த வீடு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த வீட்டைத்தான் சொல்வேன். அடுப்படியில் நின்றவர்களின் பேர் எவரும் அவ்வளவாக எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது விருந்தாடிக்கு ரசீது வந்துவிட்டது. தெருவுக்கு நாலு வீடு தினவாடகைக்கு. ஜூலை சனி, ஞாயிறுகளில் தார்சாவுக்குக்கூட வாடகை உண்டு. அதில் தப்பில்லை. பெரியம்மாவைப் போல எத்தனையோ பேர் சும்மா உழைத்ததற்கு இப்போதாவது காசு வருகிறது. ஆனால் அதற்கும் மேலே போய், அருவியையே வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் உண்டு. இயற்கையான நீர்வழியைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி உண்டாக்கிக்கொண்ட தனியார் விடுதிகள் பற்றிய வழக்கு 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவானது. ஜமீன்தார்களுக்குக்கூட இந்த யோசனை வரவில்லை. அவர்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேரருவிக்குத்தான் போயிருக்கிறார்கள்.

நண்பர் அன்று இரவு ரயிலேறும் முன் பெரியம்மா ஒன்று சொன்னார். வீடு வாங்குகிறவர் ஜூலையில் வந்து பார்க்கக் கூடாது, பங்குனியில் பார்க்க வேண்டும். பாறை வெளுத்து, கடைகள் பாதி பூட்டி, ரோட்டில் நாய் படுத்திருக்கும்போது ஊர் பிடித்திருந்தால் வாங்கலாம். அவருக்குப் பிடித்த மாதம் ஐப்பசி. சாரல் நின்று, விருந்தாடி போய், வடகிழக்கு மழை வலுப்பதற்கு முன்னால் வெயில் அடிக்கிற சில நாட்கள். மெத்தைகளைத் தட்டட்டியில் காயப்போட்டுவிட்டு அவர் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். மலையில் அப்போது அருவி தெரியும். குரங்கு வராமல் பார்த்துக்கொள்ள அவர் கையில் ஒரு கம்பு இருக்கும்.

நண்பர் பங்குனிவரை பொறுக்கவில்லை. ஓடையை ஒட்டிய மனையை விட்டுவிட்டு, மேலகரத்திலேயே கட்டி முடித்த ஒரு வீட்டை வாங்கினார். மறு வருஷம் ஆனி கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பின்னணியில் குழந்தைகளின் கூச்சலும், யாரோ கதவைத் தோளால் இடிக்கிற சத்தமும் கேட்டன.

"எப்படி இருக்கு? சன்னலைத் தொறந்தா அருவி தெரியுதா?" என்றேன்.

"சன்னல் எங்கப்பா தொறக்குது, ஊதிக்கிட்டு நிக்குது. அதை விடு. நேத்து ராத்திரி மச்சினன் வேன்ல வந்துட்டான், பதினாலு பேரு. உங்க பெரியம்மாகிட்ட கேட்டா ஒரு ஆறு பாய் கிடைக்குமா?"