நீதிபதிக்கும் மனம் கனக்கும்

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகும் எவருக்கும் தன் வழக்கு ஒன்றுதான் பெரிது. மேலே அமர்ந்திருப்பவரோ பட்டியலிலுள்ள எல்லா வழக்கையும் அதே கவனத்தோடு கேட்டாக வேண்டும்.

வேலைப் பளு யாருக்குத்தான் இல்லை, நீதிபதிக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். தனிதான். நடக்கும் வழக்கைப் பற்றி அவர் வீட்டில்கூட வாய் திறக்க முடியாது. பதவி ஏற்றதும், நேற்றுவரை ஒன்றாகத் தேநீர் குடித்த வழக்கறிஞர் நண்பர்களிடமிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும். தீர்ப்பை யார் ஏசினாலும் பதில் பேசக்கூடாது. ஜார்ஜ்டவுன் பெரிய ஊரும் இல்லை. சந்தையில் எதிரே வருபவர் நேற்றுத் தண்டனை பெற்றவரின் அண்ணனாக இருக்கலாம்.

போதைப்பொருள் வழக்கைப் பாருங்கள். 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கிறது. 1983 முதல் நெடுங்காலம், கடத்தல் நிரூபணமானால் தூக்கு ஒன்றே தண்டனை. கூண்டில் இருபது வயதுப் பையன் நிற்பான், பின் பெஞ்சில் அவன் தாய் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருப்பாள். கெமிஸ்ட் அறிக்கையிலுள்ள எடை உறுதியாகி, பையன் தரப்பு வாதம் எடுபடாமல் போனால் நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. தூக்கா, ஆயுள் சிறையா என்பதை நீதிபதியே முடிவு செய்யலாம். இந்த மாற்றத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சட்டம் சுமந்த பாரம் இப்போது ஒரு மனிதர் தலையில் இறங்கியிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

மேலிடத்து நெருக்கடி இன்னொரு வகை. பினாங்கில் பிறந்த டான் ஸ்ரீ யூசோஃப் அப்துல்காதர், சட்ட ஞானத்துக்காக நாடே மதித்த நீதிபதி. 1988இல் நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸைப் பதவி நீக்க விசாரணைக் குழு அமைத்தார்கள். அதற்கு இடைக்காலத் தடை விதித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் யூசோஃபும் ஒருவர். ஐவரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இருவர் பதவி இழந்தார்கள், அவர் உட்பட மூவர் பணிக்குத் திரும்பினார்கள். மனைவியை இழந்த துயரமும் பின்னர் சேர்ந்தது. 1996 ஜனவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது தவறு. அறிவும் பதவியும் மனவேதனைக்கு அணை போட்டுவிடும் என்று நம்புவதும் அதே அளவு தவறு.

100க்கும் மேற்பட்ட நாடுகளின் நீதிபதிகளிடம் ஐ.நா. நடத்திய ஆய்வில், மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதே தங்கள் துறையில் இன்னும் ஆகாத காரியம் என்று 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2024 ஜூலை 25இல் நவ்ரு தீவில் நீதிபதிகளின் நலனுக்கென ஒரு பிரகடனம் வெளியானது. 2025 முதல் அந்த நாளை ஐ.நா. நீதிபதிகளின் நலனுக்கான அனைத்துலக நாளாக அறிவித்திருக்கிறது.

தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, தீர்ப்பு எழுத உட்கார்ந்தும் பேனா ஓடாதது எல்லாம் மன அழுத்தத்தின் அறிகுறிகள். தீர்ப்பு தள்ளிப்போனால் அவதிப்படுவது நாம்தான். சுமையைக் குறைக்க, குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளை ஒருவரே தொடர்ந்து கேட்காதபடி மாற்றிக் கொடுக்கலாம். மனநல ஆலோசகரைப் பார்த்த செய்தி பதவி உயர்வுக் கோப்பில் ஏறாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த நீதிபதியும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்.

படிக்கும் உங்களுக்கே மனம் கனத்தால், பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தயங்காமல் பேசுங்கள்.