குளிர்கால டயர்: தேவையும் தேர்வும்

குளிர்கால டயர் என்பது, கடுங்குளிரிலும் பனி படிந்த சாலையிலும் பிடிப்பு குறையாதபடி தனி ரப்பர்க் கலவையாலும் தனி வெட்டு அமைப்பாலும் செய்யப்படும் வாகன டயர் ஆகும். இதைக் குளிர்கால உருளிப்பட்டை என்றும் எழுதுவர். பின்லாந்தின் நோக்கியா நகரிலிருந்த ரப்பர் ஆலை 1934 இல் சரக்குந்துகளுக்கும் 1936 இல் கார்களுக்கும் இத்தகைய டயர்களைச் செய்து விற்றது. (பிற்காலத்தில் கைபேசியால் உலகறிந்த பெயரும் அந்த ஊரின் பெயரே.)

சில நாடுகளில் இவ்வகை டயர் சட்டப்படி கட்டாயம். சில இடங்களில் அது வாகன உரிமையாளரின் விருப்பம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோ பகுதி இம்மாகாணத்தில்தான் உள்ளது. புதிதாகக் குடியேறி முதல் கார் வாங்கும் குடும்பத்துக்கு, காரோடு வந்த டயரே போதுமா, இன்னொரு தொகுதி வாங்க வேண்டுமா என்ற கேள்வி அக்டோபர் மாதத்திலேயே வந்துவிடும்.

ரப்பரும் குளிரும்

வெப்பநிலை குறையக் குறைய ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாமல் மேலாக வழுக்கிச் செல்லும். குளிர்கால டயரின் கலவை, பூச்சியத்துக்குக் கீழேயும் இளக்கமாக இருக்கும்படி அமைக்கப்படுகிறது. கோடையில் இதே இளக்கம் குறையாகிவிடும். சூடான தார்ச்சாலையில் அது விரைவில் தேய்வதோடு, பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

டயரின் முகப்பில் உள்ள கட்டைகளை நம் ஊரில் பட்டன் என்பார்கள். குளிர்கால டயரின் ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் பல இருக்கும். சக்கரம் உருளும்போது இவ்வெட்டுகள் சற்றே விரிந்து, அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வும். பட்டன்களுக்கு இடையிலுள்ள அகன்ற பள்ளங்களில் பனி இறுகி நிறையும். பனியோடு பனி எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பள்ளத்தில் நிறைந்த பனியும் பிடிப்புக்கு உதவுகிறது. பனி உருண்டை பிடித்து விளையாடும் குழந்தைகள் அனைவரும் அறிந்த உண்மை இது.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் டயர் மாற்ற வேண்டும் என்று கடைகளில் சொல்வதுண்டு. இது நினைவில் வைக்க எளிய வழிகாட்டி, அவ்வளவே. 7 டிகிரியில் எதுவும் திடீரென மாறிவிடுவதில்லை. குளிர்ந்திருந்தாலும் உலர்ந்து கிடக்கும் சாலையில் நல்ல சாதாரண டயர் குளிர்கால டயரைவிட முன்னதாகவே நிற்கக்கூடும். வேறுபாடு வெளிப்படுவது பனியிலும் பனிக்கட்டியிலும்தான்.

நிற்கும் தூரம்

குளிர்கால டயர் காரைப் பனியிலிருந்து கிளப்புவதற்கானது என்று பலர் நினைக்கின்றனர். கிளம்புவதைவிட நிற்பதே முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும்.

பிரேக் பிடித்த பிறகு கார் ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 எனக் கொண்டால் கார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அது 0.3 ஆக இருந்தால் 33 மீட்டர், 0.2 ஆக இருந்தால் 49 மீட்டர் ஆகும். வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 என்றால் 98 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை ஓடிய தூரம் இதில் சேரவில்லை.

0.2 க்கும் 0.3 க்கும் உள்ள வேறுபாடு தாளில் அற்பமாகத் தெரியும். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் இரண்டு கார்கள் பிரேக் பிடிக்கின்றன என்று கொள்வோம். 0.3 உள்ள கார் 33 மீட்டரில் நின்றுவிடுகிறது. அதே இடத்தை 0.2 உள்ள கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர். அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளை ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் கார் இருப்பதால் வேறு டயர் வேண்டாம் என்பாரும் உண்டு. அந்த அமைப்பு கிளம்பவும் மேடேறவும் உதவும். பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்கள்தான், அவற்றின் கீழே உள்ள ரப்பர்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியும், பிரேக்கை அழுத்தியபடியே காரைத் திருப்ப உதவுமே தவிர, இல்லாத உராய்வை உண்டாக்காது.

பக்கச்சுவரில் உள்ள குறிகள்

பழைய டயர்கள் பலவற்றில் எம்+எஸ் என்ற எழுத்துகள் இருக்கும். சேறு, பனி ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பள்ளங்களின் வடிவமைப்பைப் பார்த்து இடப்படும் குறியே அது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்குச் சான்று அல்ல. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த குறி 1999 இல் வட அமெரிக்காவில் வந்தது. இறுகிய பனியில் நடத்தும் இழுவைச் சோதனையில், ஒப்பீட்டு டயரின் மதிப்பு 100 என்றால் 110 ஆவது பெற்ற டயருக்கே இக்குறி கிடைக்கும்.

வாங்குவோரைக் குழப்புவது இரண்டு பெயர்கள். 'ஆல் சீசன்' எனப்படுவது புதிய கார்களோடு பொதுவாக வரும் டயர். அதன் பெயர் எல்லாப் பருவத்துக்கும் என்று சொன்னாலும் கனடாவின் குளிர்காலத்துக்கு அது அரைகுறையானதே. 'ஆல் வெதர்' எனப்படுவது மலைக்குறி பெற்றது. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். கடும்பனியில் முழுக் குளிர்கால டயருக்கு அது ஈடாகாது. ஆனால் மாற்றும் செலவும், கழற்றியதை வைக்க இடம் தேடும் தொல்லையும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் இருப்போர்க்கு அது பெரிய வசதி.

சட்டம்

கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். 2008 இல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15 ஆக இருந்தது. 2019 இல் முன்தள்ளப்பட்டது. டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியலில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் ஒன்டாரியோ காரை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. பனி அப்படிப் பதிவெண் பார்த்து விழுவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட மலைச்சாலைகளுக்கு மட்டும் அக்டோபர் 1 முதல் விதி உண்டு. ஜெர்மனியில் நாள் கணக்கு இல்லை. சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால், மலைக்குறி உள்ள டயரோடுதான் ஓட்ட வேண்டும்.

யாருக்குத் தேவை

ஆண்டில் எத்தனை நாள் பனி பெய்கிறது என்று எண்ணுவதைவிட, பனி பெய்த நாளில் காரை எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்பது பயன்தரும். சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே வசித்து, வார இறுதியில் மட்டும் கடைக்குப் போகிறவர் ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம். காலை 5 மணிக்குத் தொழிற்சாலைக்குச் செல்பவர், மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவர், உணவு விநியோகம் செய்பவர், வாடகைக்கார் ஓட்டுபவர் ஆகியோருக்கு அந்தத் தெரிவு இல்லை. பனி அள்ளும் வண்டிகள் முதலில் நெடுஞ்சாலைகளையும் அடுத்து முதன்மைச் சாலைகளையும் துப்புரவு செய்யும். குடியிருப்புத் தெருக்களின் முறை கடைசியில்தான் வரும். இரண்டு கிலோமீட்டர்தானே ஓட்டுகிறோம் என்பவரின் இரண்டு கிலோமீட்டரும் பெரும்பாலும் அந்தத் தெருக்களிலேயே அமைந்துவிடுகிறது.

வீட்டு வாசல் சரிவாக இருப்பது, ஏரிக்காற்றால் பனி கொட்டும் பேரி, லண்டன் போன்ற ஒன்டாரியோ நகரங்களுக்கு அடிக்கடி செல்வது ஆகியவையும் தேவையைக் கூட்டும். மிதமான குளிருள்ள வான்கூவர் நகருக்குள் மட்டும் ஓட்டுவோர்க்கு 'ஆல் வெதர்' பெரும்பாலும் போதும்.

செலவு

சிறிய காருக்கு நான்கு டயர்கள் பல நூறு டாலர் ஆகும். பெரிய வண்டிக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் இந்தத் தொகை முழுவதும் கூடுதல் செலவு அன்று. குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் மற்றத் தொகுதி தேயாமல் கிடக்கிறது. உண்மையான கூடுதல் செலவு ரிம்களும் ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலியுமே. தனி இரும்பு ரிம் வாங்கிவிட்டால் மாற்றும் கூலி குறையும். ஒன்டாரியோவில் 2016 ஜனவரி 1 முதல் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். டயர் மாட்டியதை நிறுவனத்துக்குத் தெரிவித்தால்தான் அது கிடைக்கும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

வாங்கும்போது

செலவைக் குறைக்க இரண்டு மட்டும் வாங்குவது தவறு. முன்சக்கரங்களில் மட்டும் மாட்டினால், திருப்பத்தில் பின்பகுதி பிடிப்பிழந்து கார் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

பழைய டயர் வாங்குவோர் இரண்டைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3821 என்றால் 2021 ஆம் ஆண்டின் 38 ஆவது வாரம். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பனியில் அது உதவாது.

வெப்பநிலை குறைந்தால் டயரின் காற்றழுத்தமும் குறையும். 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை காற்றைச் சரிபார்க்க வேண்டும். சக்கரம் மாற்றியபின் முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது வழக்கம். கழற்றிய டயர்களில் எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ரிம்மோடு உள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாதவற்றை நிமிர்த்தி வைக்க வேண்டும்.