என்ஜினுக்கு சீமை! கதவுக்கு புதுப்பேட்டை!
ஹெரால்டு கார்க்காரர்கள் படும் பாடு

சென்னை,
"ஸ்டாண்டர்டு ஹெரால்டு" காரை நினைவிருக்கிறதா? முன்மூடியைத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்தே எழும்புமே, அதேதான்! இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. 1961 முதல் சென்னை அருகே தயாரானது.

இன்றும் சிலர் அதைக் கண்போலக் காத்து வருகிறார்கள். என்ஜின் சாமானுக்குக் கவலை இல்லை. இங்கிலாந்தில் 1971-ல் ஹெரால்டு நின்றுபோச்சு. ஆனாலும் அங்கே சாமான் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பார்சலில் வந்துவிடும். சுங்க வரிதான் கடிக்கும்!

வம்பே பின்கதவில்தான். சீமை ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது இந்தியாவில் மட்டுமே. அது துருப்பிடித்தால் சீமையில் தேடி என்ன பயன்? புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும். அங்கும் இல்லையா? தகரத்தை வெட்டி ஒட்டுப்போட டிங்கர்தான் கதி. கதவுக்காகவே ஓடாத இன்னொரு ஹெரால்டை வாங்கிக் கொல்லையில் போட்டு வைப்பவர்களும் உண்டு.