ஆடியில்லாக் கமராவும் அதற்கேற்ற வில்லைகளும்

ஏட்டுச் சுவடியும் கல்வெட்டும் நம் முன்னோர் வாழ்வை நமக்கு அறிவித்தல் போல, ஒளிப்படம் நம் வாழ்வை நமக்குப் பின் வருவோர்க்கு அறிவிக்கும். ஆயின் கல்லிற் பெயர் பொறிக்கப் பெற்றோர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. ஒளிப்படமும் நெடுங்காலம் வசதி படைத்தோர்க்கே உரியதாய் இருந்தது. மலையகத் தோட்டங்களில் பல வீடுகளிற் பாட்டன் பாட்டியரின் உருவம் எஞ்சியிருப்பது, 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் கடவுச்சீட்டுக்காகவோ, பிற்காலத்தில் அடையாள அட்டைக்காகவோ எடுக்கப்பட்ட சிறு படத்தில் மட்டுமே. சிரித்த முகமும் உழைத்த கையும் அப்படங்களில் இல்லை.

தமிழாசிரியனுக்குக் கமராவில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தின் பாடல்களை மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆடுவோனின் அடவையும் ஒப்பனையையும் பந்தத்தின் ஒளியையும் ஏட்டில் எழுதுதல் அரிது. லயங்கள் இடிக்கப்பட்டுத் தனி வீடுகள் எழுகின்றன. அஃது நற்பேறே, எனினும் லயத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று வேண்டாமா? பள்ளிக்கு ஒரு நல்ல கமரா வாங்கித் தர விழையும் பழைய மாணவரும், தம் சேமிப்பில் ஒன்று வாங்க எண்ணும் ஆசிரியரும் மாணவரும் பணத்தை வீணாக்காது தேர்ந்தெடுக்க உதவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு வரலாற்றை நினைவு கூர்வோம். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குக் காரணமான கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவைப் பற்றிப் படியாத மாணவர் இலர். அக் கமரன் துரையின் மனைவியே யூலியா மார்கரெட் கமரன் அம்மையார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863இல், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அதன்பின் அவர் எடுத்த முகப்படங்கள் உலகப் புகழ் பெற்றன. 1875இல் இலங்கைக்கு வந்த அவர், 1879 சனவரி 26இல் டிக்கோயாவைச் சேர்ந்த கிளென்கேண் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவைப் பரிசுத்த மரியாள் ஆலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். பொல்பிட்டியவிலிருந்து மலையேறினால் அடையக்கூடிய இடமே அது.

அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறலாம். பெரும்பாலும் இரண்டே வில்லைகளைக் கொண்டு அவர் தம் புகழ்பெற்ற படங்களை எடுத்தார் என்பது ஒன்று. கருவியின் எண்ணிக்கையன்று, ஒன்றைப் பழகித் தேர்ந்த கையே படத்தை ஆக்குவது. மற்றொன்று சற்றுத் துயரமானது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த புலவர்க்கும் அறிஞர்க்கும் பெயருண்டு. இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சிய சிலவற்றுள் ஒன்று ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்றே வழங்குகின்றது. அதில் நிற்போரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அதன் பின்னர் அஞ்சலட்டைகளில் உலகெங்கும் சென்ற கொழுந்து கொய்யும் பெண்களுக்கும் பெயரில்லை. இக்குறையை நிறைவு செய்தல் இனி நம்மவர் கடன்.

இனி, ஆடியில்லாக் கமரா என்பது யாது என விளக்குவோம். முன்னைய பெருங் கமராக்களில் வில்லைக்குப் பின்னே சாய்வாக ஓர் ஆடி அமைந்திருக்கும். வில்லை வழி வந்த ஒளியை அவ்வாடி மேலே திருப்ப, ஓர் அரியத்தின் வழியாக நாம் காட்சியைக் காண்போம். பொத்தானை அமுக்கியதும் ஆடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். ஆடியில்லாக் கமராவில் இவ்வாடியும் அரியமும் இல்லை. ஒளி நேரே உணரியில் வீழும். உணரி கண்ட காட்சியையே பின்புறத் திரையிலோ, கண்ணருகே உள்ள சிறு மின்திரையிலோ நாம் காண்கின்றோம். இவ்வகையில் வில்லை மாற்றத்தக்க தானியங்கிக் குவியமுடைய முதற் கமராவைப் பனசொனிக் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. 2009இல் ஒலிம்பசும், 2010இற் சோனியும், 2012இற் கனனும் பூஜிபிலிமும் தத்தம் ஆடியில்லாக் கமராக்களை வெளியிட்டன.

ஆடி நீங்கியதால் விளைந்த நன்மைகள் மூன்று. கமரா சிறிதாயிற்று, முன்னைய பெருங் கமராக்களுள் வில்லையின்றியே 800 கிராமுக்கு மேற்பட்டவை பல, சோனி ஏ6000 போன்ற சிறிய ஆடியில்லாக் கமராவோ ஏறத்தாழ 350 கிராமே. படம் இருளுமா வெளிறுமா என்பதனை எடுக்குமுன்னரே திரையிற் காணலாம். கற்போர்க்கு இது பேருதவி. வில்லைக்கும் உணரிக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்தமையாற் பழைய வில்லைகளையும் இணைப்பு வளையத்தின் துணையாற் பொருத்தலாம். தீமையும் ஒன்றுண்டு. திரை எப்பொழுதும் ஒளிர்வதால் மின்கலம் விரைவில் தீரும். ஒரு முறை ஏற்றிய மின்னில் 300 அல்லது 400 படங்களே எதிர்பார்க்கலாம். ஆதலின் மேலதிக மின்கலம் ஒன்று இன்றியமையாதது.

கைப்பேசி போதாதா என்பார்க்கு விடை கூறுதலும் வேண்டும். நல்ல வெயிலில், அண்மையில் நிற்பாரைப் படமெடுக்கக் கைப்பேசி போதும். இரவுக் கூத்தை எடுக்கவும், புகை படிந்த லயத்து அறையிற் பாட்டியின் முகத்தை எடுக்கவும், சுவரளவு பெரிதாக்கி அச்சிடவும் பெரிய உணரியும் அகன்ற துவாரமுடைய வில்லையும் வேண்டும். அவ்வேறுபாடு தேவையில்லையெனிற் கமராவும் தேவையில்லை. அப்பணத்தைப் படங்களை அச்சிடப் பயன்படுத்துக.

உணரியின் அளவை நோக்கி இக்கமராக்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம். முதலாவது, பழைய படச்சுருளின் அளவாகிய 36×24 மி.மீ. கொண்ட முழுச்சட்டம். இது சிறந்ததே, ஆயினும் கமராவினும் அதன் வில்லைகள் விலை மிக்கவை. இரண்டாவது, ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. அளவினதாகிய ஏ.பி.எஸ்.-சி. வகை. கனன் உணரி இதினும் சற்றுச் சிறியது. மூன்றாவது, 17.3×13 மி.மீ. அளவினதாகிய மைக்ரோ நான்கு-மூன்று வகை. ஒலிம்பஸ், பனசொனிக் என்னும் இரு நிறுவனத்தாரும் ஒரே பொருத்துவாயைக் கைக்கொண்டமையால், இவ்வகைக்கு வில்லைகள் மிகுதி, அவை சிறியனவுமாம். சிக்கனமும் சிறுமையும் வேண்டுவோர் இரண்டாம், மூன்றாம் வகைகளில் ஒன்றைத் தேர்தலே அறிவுடைமை.

கமராவை முதலில் தேர்ந்து வில்லையைப் பின்னர் எண்ணுவோர் பலர். இது தலைகீழ் முறை. கமரா சில ஆண்டுகளிற் பழமையாகும். நல்ல வில்லை பல ஆண்டு பயன் தரும். ஆதலின் எதனைப் படமெடுக்க விரும்புகின்றோம் என்பதை முதலிலும், அதற்கு எவ்வில்லை வேண்டும் என்பதை அடுத்தும், எக்கமராவில் அது பொருந்தும் என்பதை இறுதியிலும் எண்ணுக.

வில்லையின் மீது இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று குவியத்தூரம். முழுச்சட்டக் கமராவில் 50 மி.மீ. வில்லை நம் கண் இயல்பாகக் காணும் காட்சியை ஒத்த காட்சியைத் தரும். அதே காட்சிக்கு ஏ.பி.எஸ்.-சி. கமராவில் ஏறத்தாழ 35 மி.மீ. வில்லையும், மைக்ரோ நான்கு-மூன்றில் 25 மி.மீ. வில்லையும் வேண்டும். எண் குறையக் காட்சி விரியும். கூடத் தொலைவிலுள்ளது அண்மையாகும்.

மற்றது எஃப் எண். இது துவாரத்தின் அகலத்தைக் குறிக்கும். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்பதனை மாணவர் மனத்திற் கொள்க. கமராவோடு சேர்த்து விற்கப்படும் நெகிழ்குவிய வில்லையை நீட்டிய நிலையில் அதன் துவாரம் எஃப் 5.6 அல்லது அதனினும் குறுகியது. எஃப் 1.8 வில்லையோ அதினும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது, முன்னதில் ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்திற் பின்னதில் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதும். முதல் நேரத்தில் ஆடுவோனின் கை கலங்கித் தோன்றும். இரண்டாவதில் அக்கலக்கம் பெரிதும் குறையும்.

ஆகவே நாம் பரிந்துரைப்பது, ஒரு கமரா, அதனோடு வரும் நெகிழ்குவிய வில்லை, எஃப் 1.8 அளவினதாகிய ஒரு நிலைக்குவிய வில்லை என்பனவே. முன்னது பகலில் மலையையும் விழாவையும் எடுக்க உதவும். பின்னது முகத்துக்கும் இரவுக்கும் உரியது. ஒலிம்பசின் 25 மி.மீ. எஃப் 1.8, சோனியின் 35 மி.மீ. எஃப் 1.8, கனனின் 50 மி.மீ. எஃப் 1.8 ஆகியவை நன்கறியப்பட்டவை. இவற்றுள் இறுதியது ஏ.பி.எஸ்.-சி. கமராவில் 80 மி.மீ. போற் காட்சி தருவதால் முகப்படத்துக்கே பெரிதும் ஏற்றது. சிறிய லயத்து அறையிற் பின்வாங்கி நிற்க இடம் போதாது.

கமராக்களுட் சிலவற்றைச் சுட்டுதும். ஒலிம்பஸ் ஈ-எம்10 வரிசையில் உணரியே அசைந்து கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு உண்டு. விலை குறைந்த கமராக்களில் இஃது அரிது. 2014இல் வந்த சோனி ஏ6000, 24 மில்லியன் படப்புள்ளிகள் உடையது. கைமாறிய நிலையில் மலிவாகக் கிடைப்பது. நைக்கொன் இசெட்30, 2022இல் வந்தது. கண்ணருகே வைத்துப் பார்க்கும் திரை அதில் இல்லாமையால் கடும் வெயிலில் இடர்தரும். கனன் ஆர்50, 2023இல் வந்தது, கற்போர்க்கு எளியது. அதே நிறுவனத்தின் ஈ.ஓ.எஸ். எம் வரிசை 2023இல் நிறுத்தப்பட்டது. மலிவாகக் கிடைப்பினும், அதன் பொருத்துவாய்க்கு அந்நிறுவனத்தின் புதிய வில்லைகள் இனி வாரா என்பதை அறிந்தே வாங்குக.

2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்துள் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளாகிய கமராவின் விலை அதனோடு ஏறியமை வியப்பன்று. ஆதலிற் கைமாறிய கமராவை வாங்குதல் இழுக்கன்று. ஆராயாது வாங்குதலே இழுக்கு. வில்லையை விளக்கொளிக்கு நேரே பிடித்து உள்ளே நோக்குக. சிலந்தி வலை போன்ற இழைகள் தோன்றின் அது பூஞ்சணம். விலை எத்துணைக் குறைந்திருப்பினும் விடுக. எஃப் 16 இல் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க. கரும்புள்ளிகள் உணரித் தூசியைக் காட்டும். பொருத்துவாய் ஆடுகின்றதா, மின்கலம் வீங்கியுள்ளதா, பொத்தான்கள் யாவும் இயங்குகின்றனவா எனச் சோதிக்க. இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டறிக.

நம் பகுதிக்குச் சிறப்பாகக் கூறவேண்டியது ஈரத்தைப் பற்றியதாம். தென்மேல் பருவக்காற்று முதலில் மோதும் மலைச்சரிவு நம்முடையது. அம்மழையே 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்னிலையத்துக்கு நீர் ஊட்டுவது. அம்மழையே வில்லையிற் பூஞ்சணம் வளர்ப்பதும். தோற்பையில் இட்டு அலமாரியிற் பூட்டிவைத்தல் வில்லைக்குக் கேடாம். இறுக மூடும் பிளாஸ்திக்குப் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை இட்டு அதனுள் வைக்க. நிறம் மாறும் பொதிகளாயின் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியுள் ஈரப்பதன் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருத்தல் நன்று. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது, கமராவைப் பையினின்றும் உடனே எடாதிருந்தால் வில்லையில் நீர் பனியாது. விலை குறைந்த கமராக்களிற் பெரும்பாலானவை மழைக்காப்பு இல்லாதவை. குடையும் ஒரு துணியும் உடன் இருக்கட்டும்.

பொல்பிட்டியவுக்கு அண்மையிலுள்ள கித்துல்கலையில், 1957இல் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் திரைப்படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. அதன் ஒளிப்பதிவு ஒஸ்கார் பரிசும் பெற்றது. நம் களனி ஆறு வேறோர் ஆற்றின் பெயரில் உலகெங்கும் காட்டப்பட்டது. பிறர் நம் மண்ணைத் தம் கதைக்காகப் படமெடுப்பதில் தவறில்லை. நம் கதையை நாமும் எடுத்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

ஆதலின் கமராவை வாங்கித் தரும் அன்பர்கள் அதனோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்கித் தருக. படமெடுக்குமுன் உரியவரிடம் இசைவு பெறுக. எடுத்தபின் அவர் பெயர், ஊர், தோட்டப் பிரிவு, நாள் என்பவற்றை எழுதுக. படங்களை இரண்டு இடங்களிற் பிரதி செய்து காக்க. அச்சிட்ட படம் ஒன்றைப் படத்திலுள்ளவர் கையில் தவறாது சேர்க்க. இவற்றைச் செய்யாத மாணவனிடம் எத்துணை விலையுயர்ந்த வில்லை இருப்பினும், அவன் எடுக்கும் படமும் பெயரில்லாக் குடியானவர் குழுவாகவே முடியும்.

அடுத்த விழா மலர் வெளிவரும் காலத்தில், பேணத்தக்க படங்கள் நம் மாணவர் கையால் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயரோடு இடம்பெறுவனவாக.