நெஞ்சு துடிப்பது எதற்காக?

சாரல் சீசனில் குற்றாலம் பேரருவிக்குள் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். முதல் நொடியில் மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தன்னையறியாமல் ஒரு கூச்சல் கிளம்பும். பக்கத்தில் அப்பாவின் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும் குழந்தைக்கும் அதே மூச்சுமுட்டல், அதே துடிப்புதான். ஆனால் அப்பாவுக்கு அது கொண்டாட்டம், குழந்தைக்கோ பயம்.

உடல் காட்டும் குறிகள்

உணர்ச்சி பொங்கும்போது மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா, ஹைப்போதலாமஸ் வழியாகத் தானியங்கி நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, கண்மணி விரிகிறது. உள்ளங்கை வெயிலுக்கு வியர்ப்பதைவிட மனக்கலக்கத்துக்கே அதிகம் வியர்க்கும். அந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் அதைக் கருவியால் அளந்துவிடலாம். ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்று, பேசிக்கொண்டிருக்கும் இருவரின் மூளையலைகளை ஒரே நேரத்தில் பதிவு செய்தும் ஆராய்கிறார்கள்.

இருந்தும், துடிப்பும் வியர்வையும் பெரும்பாலும் உணர்ச்சியின் வேகத்தைத்தான் சொல்கின்றன. அது எந்த உணர்ச்சி என்று அறியச் சூழல் தெரிய வேண்டும். தொல்காப்பியம், உணர்ச்சி உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு நான்காகச் சொன்னது எவ்வளவு நுட்பமான பார்வை!

‘எல்லாம் மனசுதான்’ என்று தள்ளாதீர்கள்

தென்காசி மாவட்டத்தில் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். சுற்றிக் கொண்டுபோன பீடியைக் கடையில் கழித்துப் போடும்போது கை வியர்ப்பதும் தொண்டை அடைப்பதும் உணர்ச்சியின் வேலையாக இருக்கலாம். ஆனால் அடிக்கடி படபடப்பு வந்தால் இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கக்கூடும். புகையிலையில் உள்ள நிக்கோட்டினும் துடிப்பைக் கூட்டும். “சும்மா பயப்படுறா” என்று வீட்டார் முடிவுகட்டுவதுதான் எனக்குப் பெருங்கவலை. முதலில் இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்து மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனையில் குறை எதுவும் இல்லை, படபடப்பு மட்டும் தொடர்கிறதா? மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகலாம். அப்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று நிதானப்படுத்தும். கூட இருப்பவர் அருகில் அமர்ந்து, “என்னம்மா, என்ன நெனச்சு இப்படி வருது?” என்று கேட்கட்டும். பதிலுக்கு அவசரப்படுத்த வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாதவற்றை 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.