அஞ்சும் நாயும் வாசலில் நிற்கும் விருந்தினரும்

இல்லத்தில் நாய் வளர்க்கும் குடும்பத்தார் பலருக்கும் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. வாயிற்கதவின் தாழ்ப்பாள் ஒலிக்கிறது. அதுவரை தாழ்வாரத்தில் சுருண்டு படுத்திருந்த நாய் துள்ளியெழுந்து குரைக்கத் தொடங்குகிறது. வந்தவர் சம்பந்தியாயினும், பங்குக் குருவானவராயினும், இல்லச் சந்திப்புக்கு வந்த மரியாயின் சேனை அங்கத்தினராயினும், செருப்பைக் கழற்றவும் துணியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார். வீட்டுத் தலைவர் நாயை அதட்டுகிறார்; கையை ஓங்குகிறார். நாயோ முன்னிலும் உரக்கக் குரைக்கிறது. "எங்கள் நாய்க்குக் கோபம் கொஞ்சம் அதிகம்" என்று வந்தவரிடம் சமாதானம் சொல்லப்படுகிறது.

இவ்வாறு குரைக்கும் நாய்கள் பலவற்றிடம் நாம் காண்பது கோபமன்று, அச்சமே. 'அருகில் வராதே, விலகிப் போ' என்பதே அக்குரைப்பின் பொருள். அந்நாய் கேட்பது இடைவெளி ஒன்றைத்தான். இதனை உணராமல் நாயை இழுத்துவந்து விருந்தினர் முன் நிறுத்தி, "தடவிக் கொடுங்கள், ஒன்றும் செய்யாது" என்று சொல்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. கடி விழுவது பெரும்பாலும் இத்தகைய வேளையில்தான். அதிலும் சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதை நாம் மறத்தலாகாது. ஒருமுறை கடித்துவிட்ட நாயின் கதி என்னவாகிறது என்பதும் யாவரும் அறிந்ததே. ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் விடப்படுகிறது.

அச்சம் கொண்ட நாய் குரைப்பதற்கு முன்பே தன் நிலையைத் தெரிவிக்கிறது. வால் தாழ்ந்து கால்களுக்கிடையே செல்லும். காதுகள் பின்னோக்கி மடியும். உறக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடும். உணவு எதிரில் இல்லாதபோதும் மூக்கையும் உதட்டையும் நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெண்மை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். இவற்றுக்கும் பயனில்லையேல் உறுமும். உறுமியதற்காக நாயை அடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உள்ளது. அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடலாம், அச்சத்தை விடுவதில்லை. பின்னர் அது எச்சரிக்கையின்றிக் கடிக்கும்.

இவ்வச்சம் எங்கிருந்து வருகிறது? இளமையில் கிட்டாத பழக்கம் ஒரு முக்கிய காரணம். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் செய்த ஆய்வு 1961-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதர் தொடர்பே இல்லாமல் 14 வாரங்கள் வரை வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு காட்டு விலங்கு போல் மிரண்டன என்று அவர்கள் கண்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரையுள்ள பருவமே நாய்க்குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் காலம். அப்போது வீட்டார் நால்வரை மட்டுமே கண்ட குட்டிக்கு ஐந்தாமவர் அந்நியரே. பரம்பரையும், பழைய அடியும், சில வேளைகளில் உடல் நோவும் காரணமாகலாம். இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டினங்கள் அயலாரிடம் எளிதில் ஒட்டாதவை என்பர். ஒட்டாமை வேறு, அஞ்சுதல் வேறு. முன்னதற்கு மருந்து தேவையில்லை.

அச்சத்தை மாற்றும் வழியை விளக்க, நாயை விட்டுச் சற்றே ஒரு சிறுவனிடம் செல்வோம். 1924-ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூண்டிலிருந்த முயலை அவன் அஞ்சாத தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். ஒன்றைத் தொடர்ந்து உணவு வருமாயின் அதனைக் கண்டதுமே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லவ் முன்னரே காட்டியிருந்தார். இன்று கால்நடை மருத்துவர்கள் அஞ்சும் நாய்களுக்குச் சொல்லும் வழியும் இதுவே.

முதலில், பொறுமையுள்ள உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைப்போம். அவர் வாசலுக்கு அப்பால், நாய் அவரைப் பார்த்தும் குரைக்காத தொலைவில் நிற்கட்டும். அது முப்பது அடியாயினும் சரி, தெருக்கோடியாயினும் சரி. அளவைத் தீர்மானிப்பது நாய்தான். அவர் கண்ணில் பட்டதும், நாய்க்கு மிகவும் விருப்பமான ஒன்றை, உப்பும் மசாலையும் சேராத அவித்த கோழித்துண்டு போன்றதை, சிறிது சிறிதாகக் கொடுப்போம். (குழம்பில் கிடந்த துண்டு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.) அவர் மறைந்ததும் உணவும் நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் மனிதர், பிறகு இறைச்சி. இது தலைகீழானால், இறைச்சியைக் கண்டதுமே 'யாரோ வரப்போகிறார்கள்' என்று நாய் கலங்கத் தொடங்கும். அவரைக் கண்டவுடன் நாய் நம் கையை ஆவலுடன் திரும்பிப் பார்க்குமாயின், ஓரிரு அடி குறைக்கலாம். உண்ண மறுத்தால் மிக அருகில் வந்துவிட்டோம் என்பது பொருள்; மீண்டும் பின்வாங்க வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

அவர் வீட்டினுள் வந்து அமரும் கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகின்றனர். விருந்தினர் தம் கையாலேயே ரொட்டித்துண்டை நீட்டினால் நாய் நட்பாகிவிடும் என எண்ணுகின்றனர். பசியுள்ள நாய் கழுத்தை நீட்டி வந்து வாங்கிக்கொள்ளும், மெய்தான். ஆனால் உணவு தீர்ந்த மறுகணம், தான் அஞ்சும் மனிதரின் காலடியில் நிற்பதை அது உணர்கிறது; திடுக்கிடுகிறது. ஆதலின் விருந்தினர் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, நாயை உற்று நோக்காமல், துண்டை நாய்க்குப் பின்புறமாக எறிவதே நன்று. நாய் விலகிப் போய் உண்டு, விரும்பினால் திரும்பி வரும். தானாக வந்து மோப்பம் பிடித்தாலும் உடனே தலைமேல் கை வைத்தலாகாது. அருகே வருவதும் விலகுவதும் அதன் விருப்பமாகவே இருக்கட்டும்.

அழைப்பு மணியையும் தனியே பழக்கலாம். ஒருவரும் வராத வேளையில் வீட்டாரே மணியை அடித்து, உடனே இறைச்சி கொடுத்துப் பல நாள் பழக்கினால், மணியோசையின் கலவரம் தணியும்.

அஞ்சும் நாயைத் தேற்றினால் அச்சம் வளரும் என்று பெரியோர் சிலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமில்லை. நம்மிடம் ஒண்டிவரும் நாயை அமைதியாக அணைத்துக்கொள்வதில் தவறில்லை.

எல்லா விருந்தினரும் பாடத்துக்கு உதவுபவரல்லர். ஆகவே நாய்க்குச் சொந்தமாக ஒரு மூலை வேண்டும். உள்ளறையோ மாடிப்படிக்கு அடியிலோ அதன் சாக்கை விரித்து, தண்ணீரும் வைத்து, அங்கு வைத்தே நல்ல தீனி கொடுத்துப் பழக்கினால், விருந்தினர் வருமுன் மகிழ்ந்து செல்லும். வாயிற்கம்பத்தில் சங்கிலியால் கட்டிவைப்பது இதற்கு நேர்மாறானது. ஓட வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றே எஞ்சுகிறது. நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் நாயைக் கட்டிவைப்பதை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் கொடுமையென்றே கொள்கிறது.

விருந்தினரின் குழந்தைகளையும் அஞ்சும் நாயையும் ஒரே இடத்தில் தனியே விடுதல் கூடவே கூடாது. தவறிக் கடி நேர்ந்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாயாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென அச்சம் மிகுந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம். காதிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம். பயிற்சியால் மட்டும் தணியாத அச்சத்துக்கு மருந்துகளும் உள்ளன.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மேளத்தோடு கீதக் குழுவினர் வரும் இரவு, பாடம் நடத்தும் இரவன்று. முன்மாலையிலேயே நாயைத் தெருவை விட்டு எட்டிய அறைக்குக் கொண்டுபோய், சன்னலைச் சாத்தி, வானொலியை மெல்ல ஒலிக்கவிட்டு, வீட்டார் ஒருவர் உடனிருக்கட்டும். அது கலங்கியிருந்தால் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, முன்பு அஞ்சாதிருந்த தொலைவிலிருந்தே மறுபடி தொடங்கலாம்.